ஏழாவது உருண்டை

என் புஞ்சையில் இன்றைக்கு யாரும் கால் வைப்பதில்லை. நாலு ஏக்கர் கரிசல், தார் ரோட்டை ஒட்டியது, கோவில்பட்டியில் இருந்து பைக்கில் இருபது நிமிடம். நாலு பக்கமும் சிவப்புத் துணி முடிந்த கயிறு ஓடுகிறது. உள்ளே ஆளை மறைக்கிற உயரத்துக்கு வேலிமரம். சீமைக்கருவேலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதற்குள் காட்டுப்பன்றிகள் குட்டியும் குடும்பமுமாகக் கிடக்கின்றன. அவற்றோடு ஓர் உருண்டையும் கிடக்கிறது. கொய்யாப்பழ அளவு இருக்கும், மேலே சணல் சுற்றியிருக்கும். கடித்தாலும் நசுங்கினாலும் வெடிக்கும். அதை அங்கே வைத்தவன் நான்.

தேடி எடுக்க வேண்டுமானால் வேலிமரத்தை வேரோடு எடுக்க வேண்டும். வேரை எடுக்க ஆள் இறங்க வேண்டும். உருண்டை கிடப்பதால் ஆள் இறங்க மாட்டார்கள். அதிகாரிகள் இரண்டு தரம் கருவியோடு வந்து ஓரங்களில் தேடிவிட்டுப் போனார்கள். என்மேல் வழக்கு நடக்கிறது. இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்கிறார் வக்கீல். மூச்சு விடாமல் இருந்ததால் வந்த வினைதான் இவ்வளவும் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

எனக்கு விவசாயம் முழுநேரத் தொழில் இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் சரக்கு ஏற்றி அனுப்பும் இடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். தீப்பெட்டிக் கம்பெனியை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், உள்ளே குச்சி அடுக்குகிறவர்களும் ஆபீஸுக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். காலையில் புஞ்சை, பகலில் ஆபீஸ், சாயங்காலம் திரும்பவும் புஞ்சை. மழையை நம்பி மக்காச்சோளம் போடுவேன். போட்டுவிட்டால் பெரிய பாடு இல்லாத பயிர் என்று சொல்லித்தான் எல்லோரும் அதற்கு மாறினோம். எங்களுக்கு முன்னால் பன்றிகளுக்கு அந்தச் செய்தி தெரிந்துவிட்டது.

புஞ்சையை ஒட்டிய கண்மாய் முழுக்க வேலிமரம் மண்டிக் கிடந்தது. பன்றிகள் பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்துவிட்டு, கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பொழுது சாய்ந்ததும் இறங்கும். ஒரு கதிரைத் தின்ன பத்துத் தட்டையைச் சாய்க்கும். தின்றுவிட்டுப் போனாலாவது மனது ஆறும், உருண்டு புரண்டு விளையாடிவிட்டுப் போகும். விடிந்து போய்ப் பார்த்தால் நேற்று நின்ற பயிர் பாய் விரித்த மாதிரி கிடக்கும்.

ஊரில் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். என் மனைவி தெருவெல்லாம் கேட்டு வாங்கி வந்த பழைய சேலைகளைப் புஞ்சையைச் சுற்றிக் கட்டினோம். காற்றில் சேலை ஆடினால் ஆள் நடமாட்டம் என்று பன்றி மிரளும் என்பார்கள். ஒரு வாரம் மிரண்டது. அப்புறம் சேலைக்கு அடியில் குனிந்து வந்தது. சலூனில் இருந்து இரண்டு சாக்கு முடி வாங்கிவந்து வரப்பெல்லாம் தூவினேன், மோப்பம் பிடிக்கும்போது மூக்கில் ஏறும் என்று. முடி பறந்து வந்து எங்கள் சோற்றில் விழுந்ததுதான் மிச்சம். மனுக் கொடுத்தேன். வந்து பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், ஆக வேண்டியதைச் செய்கிறோம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பன்றிக்கு அது எதுவும் தெரியாது.

என் புஞ்சைக்கு அந்தப் பக்கம் ஒரு மாமாவுடைய புஞ்சை. தூரத்துச் சொந்தம், ஆனால் மாமா என்று கூப்பிட்டுப் பழகியதில் நெருங்கிய சொந்தமாகிவிட்டார். அவருக்கு ரோட்டில் இருந்து நேர் வழி கிடையாது. என் புஞ்சையின் நடுவே போகிற ஒற்றையடிப் பாதைதான் வழி. தினமும் மத்தியானம் அத்தை, அவருடைய மனைவி, அந்தப் பாதையில் சோற்றுத் தூக்கோடு போவார். என்னைக் கண்டால் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்காமல் போக மாட்டார். இந்தப் பாதையையும் அத்தையையும் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

ஒரு மார்கழிக் காலையில் பன்றியை நேருக்கு நேர் பார்த்தேன். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது, இனி இருக்காது என்று நினைத்துச் சோளத்துக்குள் நுழைந்துவிட்டேன். பத்து எட்டு வைத்ததும் சுற்றிலும் மெல்லுகிற சத்தம். ஒரு பக்கம் இல்லை, நாலு பக்கமும். நின்றேன். சத்தமும் நின்றது. அப்புறம் தட்டைகள் படபடவென்று முறிய, ஒரு பெரிய தாய்ப்பன்றி என் முழங்காலை உரசிக்கொண்டு ஓடியது. உரசியது பன்றியின் முதுகு. கோரைப்பல்லாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே முடிந்திருப்பேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகு எனக்குக் கோபம் வந்தது. என்னை அழ வைத்துவிட்டதே என்கிற கோபம். அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் பயத்தில் செய்ததுதான். வெளியே கோபம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆபீஸில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற ஒருவர், முன்னால் பட்டாசு வேலை பார்த்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு அன்றைக்குப் பெட்டி ஏற்றப் போய்விட்டார். மூன்றாம் நாள் ஒரு பழைய தூக்குவாளியை என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுச் சத்தத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஏழு இருக்கு அண்ணாச்சி. பொழுது சாய வையுங்க, விடிய எடுத்துருங்க. எண்ணி வையுங்க, எண்ணி எடுங்க. ஆடு மாடு மேயுத நேரத்துல வெளிய கெடக்கவே கூடாது."

அந்தத் தூக்குவாளியோடு புஞ்சைக்குப் போன இருபது நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. சாப்பாடு கொண்டு போகிற வாளிக்குள் அந்தச் சாமான். ஒவ்வொரு வேகத்தடையையும் பைக்கை உருட்டித்தான் கடந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டுகிறவன் கண்ணை மூடலாமா என்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குக் கொண்டு போகாமல், புஞ்சையோரத்துப் பாழுங்கிணற்றின் பழைய மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தெருவைக் கூட்டிச் சொல்லியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை, அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இப்போது தெரிகிறது.

எங்கே வைத்தேன் என்பதில்தான் என் தவறு இருக்கிறது. வேறு மண்ணில் பிழைத்தவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். கரிசல் காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு எங்களுக்கு அலமாரி மாதிரி. களை எடுக்கப் போகிறவர்கள் அரிவாளை, தண்ணீர் பாட்டிலை, பீடிக்கட்டை வெடிப்பில்தான் சொருகி வைப்பார்கள். நிழலாக இருக்கும், யார் காலிலும் மிதிபடாது. அந்த வருடம் மழை கார்த்திகையோடு நின்றுவிட்டதால் மார்கழியிலேயே கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. பன்றி புழு தேடி வெடிப்பைத்தான் முதலில் கிண்டும். அதனால் ஒவ்வொரு உருண்டையையும் வெடிப்பின் வாயில், ஒரு மண்கட்டியைத் தாங்கலாகக் கொடுத்து உட்கார்த்தினேன். ஐந்து, கண்மாய்ப் பக்கத்து வரப்பில். இரண்டு, ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில். மனிதர்கள் நடக்கிற பாதையில்தான் பன்றியும் நடக்கும்.

பத்து நாள் வைத்தேன், பத்து நாள் எடுத்தேன். பன்றிகள் சோளத்தைத் தின்றன. உருண்டையைச் சட்டை பண்ணவில்லை. ஓர் உருண்டைக்குப் பக்கத்தில் அரை அடி தள்ளி ஒரு முழுக் கதிரைத் தின்று சக்கையைத் துப்பியிருந்ததைப் பார்த்தபோது, என்னைக் கேலி செய்வதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. இத்தோடு போதும், எல்லாவற்றையும் அந்த மனிதரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்த அன்றைக்குத்தான் எடுக்கப் போனபோது ஐந்து மட்டும் கிடைத்தது.

இன்னொரு முறை எண்ணினேன். ஐந்துதான். கண்மாய் வரப்பில் ஒன்று இல்லை, பாதையோரத்தில் ஒன்று இல்லை. தாங்கலாக வைத்த மண்கட்டியும் இல்லை. வெயிலில் வெடிப்பு இன்னும் கொஞ்சம் வாய் பிளந்திருந்தது. அலமாரி என்று நம்பிய இடத்துக்கு அடிப்பலகை கிடையாது என்பதை அத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். மண்டியிட்டு செல்போன் வெளிச்சத்தை உள்ளே விட்டேன். ஒரு முழம் வரைக்கும் தெரிந்தது, அப்புறம் வெடிப்பு வளைந்து இருட்டாகப் போனது. கம்பை விட்டுக் குத்திப் பார்க்கலாம் என்று எடுத்தவன், எதைக் குத்தப் போகிறோம் என்று உறைத்ததும் கையை உதறினேன். கம்பு கீழே விழுந்தது. நான் குதித்துப் பின்வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. வேட்டி மட்டும் நனைந்துவிட்டது.

இருந்த ஐந்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு உள்ளே போய்விட்டது என்றபோது அந்த மனிதரின் முகம் செத்துவிட்டது. மழை பட்டால் வெடிமருந்து செத்துப் போகுமா என்று கேட்டேன். போகலாம், போகாமலும் இருக்கலாம், நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது என்றார். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எனக்கு அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது, நிலத்துக்குக் கால் கிடையாதே.

கண்மாய்ப் பக்கம் பன்றிகளே அறுவடையை முடித்திருந்ததால் ஆட்களை அங்கே விடாமல் மற்ற இடத்தில் கதிர் ஒடித்து முடித்தேன். பாதையோரத்துச் சோளத்தை ஆபீஸுக்கு லீவு போட்டு நானே தனியாக ஒடித்தேன். ஒவ்வொரு காலையும் எடுத்து வைப்பதற்கு முன்னால் பார்த்து, வைத்த பிறகு மூச்சு விட்டு, ஒரு சால் ஒடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் அத்தை சோற்றுத் தூக்கோடு வருவார். வாய் வரைக்கும் வரும். போலீஸ் ஸ்டேஷன், ஆபீஸ் வேலை, கட்டிக்கொடுக்க வேண்டிய மகள், எல்லாம் சேர்ந்து வாயை அடைக்கும். ஒரு நாள் வேறு ஒன்றைச் சொன்னேன். பாதையில் கண்ணாடி விரியன் கிடக்கிறது, சுற்றிப் போங்கள் அத்தை என்றேன். பயந்து ஒரு வாரம் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். எட்டாம் நாள் திரும்பவும் பாதையில் வந்தார். கையில் புதிதாக ஒரு கம்பு.

"சுத்திப் போனா காலு கடுக்குது மருமவனே. இப்பிடித் தட்டிக்கிட்டே வாரேன், பாம்பு அது பாட்டுக்குப் போயிரும்."

சொல்லிவிட்டு, காலுக்கு முன்னால் தரையில் ணங் ணங் என்று குத்திக்கொண்டே நடந்தார். பாதையின் இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றிக் குத்தினார். நான் ஒடித்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் மறுபக்கத்து வரப்பை ஏறும் வரைக்கும் நின்றேன். என் பொய்தான் அந்தக் கம்பை அவர் கையில் கொடுத்தது. மறுநாள் பாதையின் வாயில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தேன். அந்தக் கம்பாலேயே முள்ளைத் தள்ளிவிட்டு வந்தார்.

பங்குனியில் கிடைக்காரர் போன் செய்தார். எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர், வருடா வருடம் முந்நூறு ஆடுகளோடு எங்கள் பக்கம் வந்து அறுப்பு முடிந்த புஞ்சைகளில் கிடை போடுவார். ராத்திரி ஆடுகளை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். என் புஞ்சைக்கு மூன்று ராத்திரி என்று கார்த்திகையிலேயே பேசி வைத்திருந்தோம், அந்தப் பேச்சே எனக்கு மறந்துவிட்டது. கிடைக்குச் சொல்லிவிட்டு வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுகிற மாதிரி. இருந்தாலும் சொன்னேன். பன்றிக்கு விஷக் குருணை தூவியிருக்கிறேன், ஆட்டுக்கு ஆகாது, இந்த வருடம் வேண்டாம் என்றேன். அவர், காலையிலேயே வந்துவிட்டோம், ஆடுகள் மேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன, எதற்கும் ஒன்றும் செய்யவில்லை என்றார்.

ஆபீஸில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். அந்த வழியில் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதினால் எந்தச் சாமிக்கும் கடன் தீராது. ரோட்டில் பைக்கை நிறுத்தியபோது முந்நூறு ஆடுகளும் புஞ்சை முழுக்கப் பரவி நின்றன. ஒவ்வொன்றுக்கும் நாலு கால். வெடிப்பில் விழுந்து கிடந்த கதிர் மணிகளுக்காக மூக்கை உள்ளே விட்டு விட்டு எடுத்தன. எனக்குக் காது அடைத்துவிட்டது. வெடித்தால் கேட்குமா என்று கூடத் தோன்றியது.

கிடைக்காரர் தூரத்தில் ஆடுகளோடு நின்றார். அவருடைய மனைவி கண்மாய்க் கரையோரம் வேலிமர நிழலில் மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தார். கிடை வலை ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. அதை முடிச்சுப் போட அவருக்குக் கயிறு தேவைப்பட்டிருக்கிறது. மடியில் வலை, இடது கையில் அடுப்புக்குக் கல் பொறுக்கியபோது கண்மாய் வரப்பு வெடிப்பில் அகப்பட்ட ஓர் உருண்டை. மேலே சுற்றிய சணலைப் பிரித்து எடுக்கப் பார்த்தார். நுனி அகப்படவில்லை. உருண்டையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், முடிச்சில் கடைவாய்ப் பல்லைக் கொடுத்தார்.

கத்தினால் அதிர்ந்து போய் இறுகக் கடித்துவிடுவார். ஓடினாலும் அப்படித்தான். எனக்கு அந்த நேரத்தில் அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்று, பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்கிற குரலில் பேசினேன்.

"அக்கா, அதக் கடிக்காதீங்க. அப்பிடியே மெதுவாக் கீழ வச்சிருங்க."

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. வாயில் இருந்து எடுத்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி இரண்டு கையாலும் மண்ணில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதைப் பன்றிக்கு வைத்தேன் என்று சொன்னேன். எழுந்து தள்ளிப் போய்க் குடத்துத் தண்ணீரைச் சாய்த்து வாயைக் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். குடம் தீரும் வரைக்கும் நிறுத்தவில்லை.

கிடைக்காரர் வந்தார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எத்தனை வைத்தீர்கள் என்று கேட்டார். ஏழு என்றேன். எத்தனை கிடைத்தது என்றார். இதோடு ஆறு என்றேன். திரும்பித் தன் ஆடுகளைப் பார்த்தார். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். முன்னால் நின்ற கிடாய் தலையைத் தூக்கியது. அது வந்த தடத்திலேயே திரும்பி நடக்க, மற்றவை பின்னால் நடந்தன. முந்நூறும் ரோடு ஏறின. உலையை அப்படியே கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்கள். போகிற போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம் அண்ணாச்சி. நீங்க சொல்லிரணும். அடுத்து இங்கன கால வைக்குத ஆளுக்கு நீங்க சொல்லிரணும்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன். அந்த ஆறாவது உருண்டையைப் பக்கத்தில் இருந்த பாழுங்கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டேன். அது எழுப்பிய சின்னக் குமிழிகள் அடங்கும் வரை மேலே நின்றேன்.

ஆனால் சித்திரையில் மழை பெய்தது. ஒரே ஒரு மழை, அரைநாள். வெடிப்புகள் எல்லாம் வாய் மூடிக்கொண்டன. புஞ்சை கழுவி விட்ட பலகை மாதிரி கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள்ளும் ஏதோ மூடிக்கொண்டது. நனைந்திருக்கும், செத்திருக்கும், ஆழத்துக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே வக்கீல் ஆனேன். இருந்தாலும் கோடை உழவுக்கு வந்த டிராக்டர்காரரை உழவிடவில்லை. நிலத்துக்கு ஒரு வருடம் ஓய்வு என்றேன். மறு வருடமும் ஓய்வு என்றேன். செத்துவிட்டது என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால் உழுதிருக்க மாட்டேனா?

உழாத புஞ்சையில் முதலில் புல் வந்தது. அப்புறம் வேலிமரம் வந்தது. அதை விதைத்தவையும் அந்த முந்நூறு ஆடுகள்தான். வழியெல்லாம் வேலிமரத்து நெற்றைத் தின்றுவிட்டு வந்து, அந்த அரைப் பகலில் போட்ட புழுக்கையில் இருந்து முளைத்தது. முழங்கால், இடுப்பு, தோள் என்று மூன்று வருடத்தில் தலைக்கு மேல் போய்விட்டது. கண்மாயில் கிடந்த பன்றிகள் இடம் பற்றாமல் என் புஞ்சைக்குக் குடி வந்தன. விரட்டுவதற்கு என்னவெல்லாம் செய்தேனோ, கடைசியில் அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் நான்தான். அவை உள்ளே நிலத்தைக் கிண்டுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு நாளும் பைக்கை நிறுத்திக் கேட்பேன். அதைப் பன்றியே கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஆசைப்படுவேன், அடுத்த நொடியே நடுங்குவேன். மரங்களுக்கு நடுவே அந்த ஒற்றையடிப் பாதை மட்டும் மூடாமல் இருந்தது. அத்தையின் கம்பும் காலும் அதை மூட விடவில்லை.

என் புஞ்சையில் இருந்து இறங்குகிற பன்றிகள் மாமாவுடைய சோளத்தைத்தான் முதலில் தின்றன. இரண்டு தரம் சொன்னார், வெட்டு மாப்ள என்று. ஆள் கிடைக்கவில்லை என்று மழுப்பினேன். நல்ல மனிதர், நான் சிரமப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரே ஏற்பாடு செய்துவிட்டார். விறகைச் சுட்டுக் கரி எடுக்கக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் பேசி, மரத்தை வெட்டி வேர்க்கட்டையையும் தோண்டி அவர்களே எடுத்துக்கொள்வது என்று முடித்திருக்கிறார். சொந்தத்துக்குள் இதற்கெல்லாம் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? ஒரு காலையில் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. ஆள் இறங்கியாச்சு மாப்ள, பன்னிரண்டு பேர், கடப்பாரையோடு வந்திருக்கிறார்கள், நீ சாயங்காலம் வந்து பார் என்றார்.

அதே ரோடு. அதே இருபது நிமிடம். இந்தத் தடவை எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, கூப்பிட வெட்கமாக இருந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று வழியில்தான் உறைத்தது. நிறுத்தி மாமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரம் பத்து மரம் சாய்ந்து கிடந்தது. பெண்கள் வேர்க்கட்டையைச் சுற்றிக் கடப்பாரையை ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார்கள். பாதையின் நடுவே அத்தை எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார். அக்குளில் கம்பு.

நான் கத்தவில்லை. வரப்பில் நின்று, எல்லோரும் கடப்பாரையை அப்படியே விடுங்கள், குத்தாதீர்கள், நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். அப்புறம் சொன்னேன். மூன்று வருடம் தொண்டையில் நின்றதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கூட்டத்துக்கு மூத்த பெண்தான் கேட்டார்.

"எந்த எடத்துல கெடக்கு?"

"பாதை ஓரத்துல வச்சேன். இப்ப எங்கன இருக்குன்னு தெரியாது."

தெரியாது என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் வந்த பயத்தை நான் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். யாரும் ஓடவில்லை. வந்தபோது பதிந்த தங்கள் காலடித் தடங்களைத் தேடித் தேடி, அதிலேயே கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக ரோட்டுக்கு வந்தார்கள். கடப்பாரைகள் நின்ற இடத்திலேயே நின்றன. இன்றைக்கும் அவை அங்கேதான் துருப்பிடித்து நிற்கின்றன.

மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். கை ஓங்குவார் என்று நினைத்தேன். பாதையில் நின்ற தன் மனைவியைக் காட்டிக் கேட்டார்.

"மூணு வருசமா இவ இந்த வழியாத்தான மாப்ள எனக்குச் சோறு கொண்டு வாரா. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். அன்று சாயங்காலம் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ஆனால் எனக்குத் தீர்ப்பு அதற்கு முன்னாலேயே எழுதியாகிவிட்டது. எல்லோரும் ரோடு ஏறிய பிறகும் அத்தை மட்டும் பாதையின் நடுவே அசையாமல் நின்றார். கூப்பிட்டும் வரவில்லை. கையில் இருந்த கம்பைப் பார்த்தார். மூன்று வருடமாகக் குத்திக் குத்திப் பள்ளம் விழுந்திருந்த பாதையோரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, அந்தக் கிடைக்காரர் மனைவி உருண்டையை வைத்தது போலவே, இரண்டு கையாலும் கம்பைச் சத்தம் இல்லாமல் தரையில் வைத்தார்.